சங்காயம்

மண்டபம் வடக்குக் கடல் பக்கம்
ஐஸ் கம்பெனியின் பின்னறையில் இருக்கிறது
எங்கள் சங்கத்து மெயில் சர்வர்.
பழைய கம்ப்யூட்டர். மூடியின் நான்கு திருகாணியில்
மூன்று உப்புக்காற்றில் துருவேறி உடைந்தன.
நான்காவதை நான் தொடுவதில்லை.

டோக்கன் கணக்கு, டீசல் மானியம்,
மீன்துறைக்குப் போகும் மனு, எல்லாம் இதன் வழி.
வெளியார் கம்பெனியில் வைத்தால்
நம்ம கடிதம் அவன் வீட்டில் கிடக்கும் என்றார்
தலைவர் ஸ்தனிஸ்லாஸ்.
ஆறு மாதம் ராத்திரியில் உட்கார்ந்து கட்டினேன்.

ஆடியில் குப்பை கொட்டியது.
லாட்டரி, லோன், செத்துப்போன யாரோ ஜெனரலின் தங்கம்.
தலைவர் போனில், செயலாளர் போனில், ஆபீஸ் மேசையில்
தனித்தனியாய் அழித்து மாளவில்லை.
வாசலிலேயே மறித்தால் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரே வேலை.
சர்வரிலேயே விதி எழுதினேன்.
அந்த விதி மொழிக்குப் பெயரே சல்லடை.

தலைப்பில் 'அவசரம்' என்று இருந்தால்
(கடன் கொடுக்கிறவனுக்கு எல்லாமே அவசரம்)
இன்பாக்ஸ் வேண்டாம், குப்பைப் பெட்டியும் வேண்டாம்,
கொட்டிவிடு.
அத்தோடு நில்.
ஏழு வரி. பிழை இல்லை.
அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

புரட்டாசியில் நம்புக்குமார் போன படகைப்
பிடித்துக்கொண்டு போனார்கள்.
ஆறு பேர். மன்னார் கோர்ட். பதினாலு நாள் காவல்.
அவன் மனைவி முத்துராக்கு
தினம் பத்து மணிக்கு வந்து நிற்பாள்.
"அங்கிட்டிருந்து லெட்டர் ஏதும் வந்துச்சா?"
இன்பாக்ஸைத் திறந்து அவள் பக்கம் திருப்புவேன்.
துடைத்துவைத்த மாதிரி இருக்கும்.

பதினாறாம் நாள் அந்தக் கரையிலிருந்து போன்.
வக்கீலம்மா. கோபமில்லை, களைத்த குரல்.
"மூண்டு மெயில் போட்டனான்.
படகின்ர பதிவுப் பத்திரம் கேட்டனான்.
நீங்கள் பாக்கேல்லையோ?"

லாக் ஃபைலைத் திறந்தேன்.
இருந்தது, மூன்று முறையும்.
வந்த நேரம். அனுப்பியவர். நீளமாய் ஓர் அடையாள எண்.
தலைப்பு மட்டும் எழுத்துக் கூளமாய். பிரித்துப் படித்தேன்:
அவசரம் - வழக்குத் திகதி.
தேதி இல்லை, திகதி.
இத்தனூண்டு கடலுக்குள் ஓர் எழுத்து கூடியிருந்தது.
அதற்குக் கீழ் வரியில் என் விதி.
உள்ளே என்ன எழுதினார் என்பது
இப்போது எங்கும் இல்லை.

கொட்டியதுகூடப் போகட்டும்.
கொட்டும் முன் என் சர்வர்
அவர் சர்வருக்குப் பதில் சொல்லியிருக்கிறது:
இருநூற்றைம்பது.
சரி, வாங்கிக்கொண்டேன் என்று அர்த்தம்.
மூன்று முறை.

படகுக்காரன்கூட இப்படிக் கொட்டுவதில்லை.
மடி அவிழ்ந்ததும் இறால் ஒரு கூடை, நண்டு ஒரு கூடை,
காலடியில் மிஞ்சும் பேத்தை, காரல் குஞ்சு, பெயர் தெரியாத பொடி,
அதற்கும் சங்காயம் என்று ஒரு பேர் வைத்து
அள்ளிக் கரைக்குக் கொண்டுவருகிறான்.
கோழித்தீவன மில் லாரி வந்து நிற்கிறது.

சாயங்காலம் 'கொட்டு' என்ற சொல்லை எடுத்தேன்.
'போட்டுவை' என்றாக்கி, சங்காயம் என்றே ஒரு பெட்டி.
மன்னார் முகவரியை எல்லா விதிக்கும் மேலே ஏற்றினேன்.
தவறி விழுந்ததைக் கையால் எடுத்து இன்பாக்ஸில் வைத்தால்
அதைப் பார்த்து அது கற்றுக்கொள்ளவும் வழி செய்தேன்.
என்னாச்சு என்றார் தலைவர்.
"சர்வர் கோளாறு."
அதில் ஒரு கோளாறும் இல்லை.
சொன்னதைச் செய்தது.

காவல் இன்னும் பதினாலு நாள்.
இன்று காலை சங்காயத்தில் நாற்பத்தொன்று.
ஒவ்வொன்றாய்த் திறந்துகொண்டிருக்கையில் முத்துராக்கு வந்தாள்.
அதே இடம். அதே கேள்வி.
திரையைத் திருப்பவில்லை.

"வந்துச்சு" என்றேன்.
"மூணு தடவ."