இருபதாவது டாங்கி

திபிலிசியின் விளிம்பில், க்ள்தானியில், ஒன்பதாம் மாடியில்,
தொண்ணூற்று மூன்றின் குளிரில்
கரண்டுக்கு வேளை கிடையாது.
வந்தால் இரண்டு மணி நேரம்.
சில நாள் இருபது நிமிடம்.
சில நாள் எட்டிப் பார்த்துவிட்டு
வீடு மாறி வந்தவர்போலத் திரும்பிவிடும்.

கேசட்டின் மேல்
9999 விளையாட்டுகள் என்று அச்சிட்டிருந்தது.
தம்பி கோச்சா உட்கார்ந்து எண்ணினான்.
ஏழு.
ஏழையே நிறம் மாற்றி, பெயர் மாற்றி
திரும்பத் திரும்ப நிற்கவைத்திருந்தார்கள்.
நோட்டும் இப்படித்தானே அடிக்கிறார்கள் என்றார் அப்பா.

ஏழில் ஒன்று டாங்கி.
மஞ்சள் நான், பச்சை அவன்.
அடியில் செங்கல் சுவருக்குள் ஒரு பறவை.
பறக்காது, கத்தாது, காக்கவேண்டும்.
மேலிருந்து வருபவை இருபது.
இரண்டு வருடம் முன்பு
நிஜமானவை நகரின் நடுத்தெருவுக்கு வந்தபோது
பெரியம்மா வீட்டுக் குளியல் தொட்டியில்
எங்களைப் படுக்கவைத்திருந்தார்கள்.
எண்ண விடவில்லை.

ஊதித்தான் செருகவேண்டும்.
எல்லா ஊர்ப் பிள்ளைகளும் ஊதியிருப்பார்கள்;
எங்கள் ஊதல் கண்ணுக்குத் தெரிந்தது.
வெள்ளையாய்ப் புறப்பட்டு
கேசட்டின் பல்லிடுக்கில் நுழைவதுவரை பார்க்கலாம்.
கையுறையில் கட்டைவிரலை மட்டும் வெட்டிக்கொண்டோம்.
அதற்கு வாங்கிய அடி தனிக்கதை.

சேமிப்பு என்று ஒன்று அந்தப் பெட்டியில் இல்லை.
கரண்ட் போனால் பதினேழாம் கட்டமும் போச்சு,
மறுபடி ஒன்றிலிருந்து.
நாங்கள் அழ, அப்பா சிரித்தார்.
கார் வாங்க வங்கியில் பதினொரு வருடம் போட்ட பணம்
அந்த மாதம்
மூன்று ரொட்டி விலைக்கு வந்திருந்தது.
எங்களுக்கு அது தெரியாது.

டிசம்பரில் ஓர் இரவு
பதினொன்றுக்கு வந்த கரண்ட் போகவில்லை.
பன்னிரண்டு. ஒன்று. போகவில்லை.
நம்பாமல் ஆடினோம்.
நம்பத் தொடங்கியபோது முப்பத்து நான்காம் கட்டம்.
பத்தொன்பது செத்து, ஒன்றே ஒன்று மிச்சம்.
அது மேல் மூலையில், தண்ணீருக்குப் பின்னால்,
வர மனமில்லாமல் நின்றது.
"விரல் மரத்துப்போச்சு" என்றான் கோச்சா.
ஆட்டத்தை நிறுத்திவைத்தோம்.
மண்ணெண்ணெய் அடுப்பில் கை காட்டினோம்.
ஒரு நிமிடம்தான்.

விழித்தபோது விடிந்திருந்தது.
கரண்ட் இருந்தது!
பறவை, சுவர், மூலையில் அது,
எல்லாம் வைத்தது வைத்தபடி.
ஆனால் கட்டிடமே விழித்திருந்தது.
ஐந்தாம் மாடி ஜுஜுனா
மூன்று மாதத் துணிக்கு இஸ்திரி போட,
தேமூர் பால்கனியில் புகைக்குழாய்க்கு வெல்டிங் வைக்க,
யார் யாரோ வெந்நீர் போட,
எங்கள் அம்மா மின்னடுப்பில் ரொட்டியை ஏற்ற,
தெருமுனை டிரான்ஸ்பார்மர்
ஒருமுறை இருமியது.

பதினாறு நாள் இருட்டு.
ரொட்டி பாதி வெந்திருந்தது. தின்றோம்.
கோச்சா மட்டும் தொடவில்லை.

கரண்ட் திரும்பிய மாலையில்தான் பார்த்தோம்:
இரவெல்லாம் நின்ற படம்
டிவிக் கண்ணாடியில் சூடுபோட்டதுபோல் பதிந்திருந்தது.
செய்தி வாசிக்கும் பெண்ணின் தொண்டைக்கு நேரே
செங்கல் சுவரும் பறவையும்.
தலைக்கு மேல், ஓரத்தில், அது.
அவள் போர்நிறுத்தம் சொன்னாள், மாவு விலை சொன்னாள்,
நாளைய பனி சொன்னாள்.
அம்மா வினிகர் தொட்டுத் துடைத்துப் பார்த்தாள்.
"விடு" என்றார் அப்பா,
"இந்த ஊரில் காவல் இருப்பது
அந்தப் பொண்ணுக்கு மட்டும்தான்."

கோச்சா இப்போது போலந்தில் லாரி ஓட்டுகிறான்.
அந்த ஏழும் அவன் போனில் இருக்கின்றன.
எந்த நொடியிலும் சேமிக்கலாமாம்,
செத்தால் ஒரு நொடி பின்னால் போகலாமாம்.
போன வாரம் எல்லை வரிசையிலிருந்து அழைத்தான்.
"முப்பத்து நாலு வந்துட்டேன்."
"பத்தொன்பதும் முடிஞ்சுதா?"
"முடிஞ்சுது."
"அப்புறம்?"
கியர் மாறும் சத்தம். வண்டி கொஞ்சம் நகர்ந்தது.
"பக்கத்து லாரிக்காரன் ரொட்டி சுடுறான்" என்றான்,
"வாசனை வருது.
அப்புறம் கூப்பிடுறேன்."