நுழைவுக் கட்டணம்

வெள்ளிக்கிழமைதோறும் எங்கள் ஓட்டலில்
ஜமைக்கா இரவு.
எட்டரைக்குத் தொடங்கும், பத்தேகாலுக்கு முடிந்துவிடும்.
என் சித்தி மகன் ரோஹன்
எரியும் கம்பிக்கு அடியில் முதுகு வளைத்து நுழைவான்.
இடுப்பில் வைக்கோல் பாவாடை,
எங்கள் வம்சத்தில் எவரும் உடுத்தாதது.
நான் பாரில் நிற்பேன்.
சட்டையில் குத்திய பட்டையில் "நோவா" என்றிருக்கும்.
நோவ்லெட் என்பது
விருந்தினர் வாய்க்கு நீளமாம்.

இந்த வெள்ளி எனக்கு விடுப்பு.
காஸ்வெல் மாமா போய் ஒன்பதாவது இரவு.

மேட்டுத் தெருவில்
ரொட்டிப்பலா மரத்துக்கும் மின்கம்பத்துக்கும் இடையே
தார்ப்பாய் இழுத்துக் கட்டினோம்.
மாமா தன் கையால் அறுத்து, ஒட்டி, கறுப்படித்த
ஒலிபெருக்கிப் பெட்டிகள் ஆறு,
ஒவ்வொன்றும் துணி அலமாரி உயரம்.
பேஸ் விழும்போதெல்லாம்
ஆட்டுத்தலை சூப்பின் மேல்
வட்டம் வட்டமாய் ஒரு நடுக்கம்.
டோமினோ மேசையில் யாரும் கட்டையை வைப்பதில்லை,
அறைகிறார்கள்,
கடன்காரன் கன்னத்தில் அறைவதுபோல்.
முதல் மூடி ரம் தரைக்கு.
அது மாமாவின் பங்கு.

பதினொன்றுக்கு மேல்
கைபேசி வெளிச்சத்தில் குழி தாண்டித் தாண்டி
ஒருவர் வந்தார்.
இருநூற்றுப் பதினாலாம் அறை.
எனக்கு அடையாளம் தெரிந்தது,
பட்டை இல்லாத என்னை அவருக்குத் தெரியவில்லை.
கடற்கரை வரை கேட்டதாம் பாட்டு.
"டிக்கெட் எவ்வளவு?"

ஹெர்மின் அத்தை, கறுப்புக்கு மேல் ஏப்ரன்,
கையில் கரண்டி,
அவரை மேலும் கீழும் பார்த்தாள்.
"பசிக்கிறதா?"
"கொஞ்சம்."
"அப்படியானால் கட்டியாயிற்று."

குடித்தார். காரத்தில் காது சிவந்தது.
ஆடவும் ஆடினார்,
முழங்கால் ஒரு பாட்டுக்கு, தோள் வேறு பாட்டுக்கு.
பிள்ளைகள் சுற்றி நின்று கற்றுக்கொடுத்தார்கள்.
யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டார்.
எந்தப் படுபாவியோ
"காஸ்வெல்லுக்கு" என்றான்.
அவர் குவளையை உயர்த்தி,
நெஞ்சு நிறைய மூச்செடுத்து,
"காஸ்வெல் நூறாண்டு வாழ்க!"

பாட்டு மாற்றுகிறவன் கை அப்படியே நின்றது.
ஒரு நொடி
தவளைச் சத்தம் மட்டும்.

பிறகு அத்தை சிரித்தாள்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு,
மரத்தில் சாய்ந்து,
ஏப்ரனால் முகம் துடைத்துத் துடைத்து.
எது சிரிப்பின் ஈரம், எது மற்றது என்று
நாங்கள் யாரும் கணக்கெடுக்கவில்லை.

நள்ளிரவில் ஒலிபெருக்கியை நிறுத்தினோம்.
ஒருவர் துதிப்பாட்டின் வரியைப் படித்தார்,
கூட்டம் அதை இழுத்து இழுத்துப் பாடியது.
உள்ளே கட்டிலைத் திருப்ப வேண்டும்.
மேசை ஜன்னலுக்கு, அலமாரி கதவுப் பக்கம்,
மெத்தை சுவரோரம் நிமிர்ந்து.
மாமா திரும்பி வந்தால்
தன் அறை இல்லையென்று போய்விட வேண்டும்.
நாலு ஆள் தேவை.
நாலாவது ஆள் சாக்கடையோரம் குறட்டையில்.
"ஏய் விருந்தாளி, இந்தப் பக்கம் பிடி!"

பிடித்தார்.
மெத்தையின் நடுவே
ஒரு ஆள் அளவுக்குப் பள்ளம்.
அப்போதுதான் அவருக்குப் புரிந்தது.
கைகள் மட்டும் விடவில்லை.

திங்கள் மாலை.
நான் பாரில், பட்டையோடு.
அவர் வந்து வெள்ளை ரம் கேட்டார், ஐஸ் வேண்டாமாம்.
சுற்றிலும் பார்த்துவிட்டு
முதல் சொட்டுகளை மெல்லச் சாய்த்துத்
தரையில் ஊற்றினார்.

பளிங்குத் தரை.
மேலாளர் தூரத்திலிருந்து கண்ணைக் காட்டினார்.
துடைப்பம் எடுத்தேன்.
எடுத்தும், கொஞ்ச நேரம்
துடைக்காமல் நின்றிருந்தேன்.