வடிதாள்

போகும்போது 2.8127 கிராம்.
வரும்போது 2.8941.
நடுவில் எட்டு மணி நேரம்
எர்ணாவூரில் ஒரு மொட்டைமாடியில்
அந்தத் தாள் மூச்சை இழுத்துக்கொண்டே இருந்தது.
விடவில்லை.

கழித்தால் 0.0814.
ஒரு சிட்டிகை உப்பு இதைவிடக் கனம்.
இதற்குத்தான் என் சம்பளம்.

மாடி அமலோற்பவத்துடையது.
மாத வாடகை அறுநூறு, கரண்ட் தனி.
இயந்திரத்துக்கு அவள் வைத்த பேர் வீட்டு மாப்பிள்ளை.
"நாள் பூரா உறுமிக்கினு குந்தினுகீது,
ஒரு வேலையும் செய்யாம."

கொடியில் வெள்ளைத் துணி காய்ந்து எட்டு வருஷம்.
கிறிஸ்துமசுக்கும் மெரூன்தான் எடுப்பாள்.
தெற்கே சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட புகைபோக்கி.
அதன் அடியில் சாம்பல் பிரிவில்
அவள் மகன் ரூபன், ஒப்பந்தக் கூலி,
நாளொன்றுக்கு ஐந்நூற்று நாற்பது.

சாம்பல் பிடிக்கும் கருவி புதிதாக மாட்டாமல்
இனி ஓட்டக்கூடாது என்று உத்தரவு வந்தது.
மாட்ட ஏழு மாதம் மூடவேண்டும்.
கல்யாண மண்டபத்தில் கருத்துக் கேட்டார்கள்.
மணமேடையில் திரை கட்டி ஒருவர் காட்டினார்:
கருவிக்கு இத்தனை கோடி,
யூனிட்டுக்கு இத்தனை பைசா,
ஓர் ஆள் ஓராண்டு கூடுதலாக வாழ்ந்தால்
அதற்கு இத்தனை லட்சம் மதிப்பு.
பின்வரிசையில் யாரோ எழுந்து,
"அந்த ஒரு வருசத்த இப்பவே துட்டா குட்த்துருவீங்களா சார்?"
மண்டபமே சிரித்தது. மைக் கீச்சிட்டது.
கேட்டவர் சிரிக்கவில்லை. இருமிக்கொண்டிருந்தார்.

மறுநாள் தாள் மாற்றப் போனேன்.
தண்ணீர்த் தொட்டி மூடியில் படிந்திருந்த தூசியில்
விரலால் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.
ஜெனிட்டாவுக்கு ஆவி பிடிக்க ஒரு தடவைக்கு நாற்பது.
பள்ளிக்கூடம் போகாத நாள் இந்த மாதம் ஒன்பது.
ரெண்டு தரம் துவைக்கிற சோப்பு.
அந்தப் பக்கம் ஒரே வரி:
ரூபன்.

"கூட்றது ஊருக்கு," என்றாள்.
"கழிக்கிறது மட்டும் எங்கூட்ல. இன்னா கணக்கு இது?"

அப்போ கருவி வேண்டாமா என்றேன்.

"வேணாம்னு எப்போ சொன்னேன்?
மாட்டச் சொல்லு. நாளைக்கே மாட்டச் சொல்லு.
ஏழு மாச சோறு யார் கணக்குல,
அத்தையும் எழுதினு போ."

முந்தானையால் மூடியைத் துடைத்தாள்.
கணக்கு மெரூனில் ஒட்டிக்கொண்டது.

என் படிவத்தில் இருப்பவை:
தேதி, நேரம், காற்றின் திசை, குறிப்பு.
குறிப்புக்கு இடம் ஒரு விரல் அகலம்.
மழை இல்லை என்று எழுதுவேன், பெரும்பாலும்.

ஒன்று சொல்லிவிடுகிறேன்.
கருவி வந்தால் தாள் வெளுக்கும்.
வெளுத்த தாளையும் யாராவது எடை போடத்தான் வேண்டும்.
என் சோறு எந்தப் பக்கமும் கழியாது.
பாலத்தில் வண்டி ஏறும்போது
இது என் மடியில் ஒரு டப்பாவாக இருந்தது.

தராசுக்குக் கண்ணாடிக் கதவு.
மூச்சுப் பட்டாலே கடைசி இலக்கம் ஆடும்.
அடக்கிக்கொண்டு படித்தேன். நிற்கவில்லை.
தாளின் மூலையில் ஒரு விரல் ரேகை,
ஈரமாய்.
அவளுடையதா என்னுடையதா தெரியவில்லை.
கைபட்ட தாளைக் கணக்கில் சேர்க்கக்கூடாது.

நிராகரிக்கப்பட்டது என்ற கட்டத்தில் டிக் அடித்தேன்.
அப்புறம் குறிப்பில்,
மழை இல்லை என்பதற்குப் பக்கத்தில்
எழுத்தைச் சிறிதாக்கி இடுக்கி எழுதினேன்:
ஏழு மாதம். யார் கணக்கு?