பொத்தான்

மொன்டானாவில் மான் வேட்டைக் காலம்.
பின்விளக்கு ஒன்று அவிந்த பிக்கப்பை
ஓரங்கட்ட வைத்தேன்.
கண்ணாடி இறங்கியது.
உள்ளிருந்து ஈர நாயின் வாடை.
பின்னிருக்கையில் நீளப் பெட்டி, இரண்டு பூட்டு.
சட்டப்படி சரிதான்.
என் அடிவயிற்றுக்குச் சட்டம் தெரியாது.

"கையை ஸ்டியரிங்கில் வை" என்றேன்.
இன்னொரு முறை, உரக்க.
அவன் என் முகம் இருக்கும் பக்கம் பார்த்தான்.
டார்ச் அவன் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது.
அதற்குப் பின்னால் என் உதடு
அவனுக்கு வெறும் இருட்டு என்று
அப்போது தோன்றவில்லை.

அவன் கை மேலே போனது,
வெயில் மறைப்பை நோக்கி.
என் கை கீழே போனது.
உறையின் பொத்தான் கழன்ற சத்தத்தை
நானும் நாயும் மட்டுமே கேட்டோம்.

பாதி வழியில், அந்தரத்தில்
நிறுத்தினான்.
விரல்களை விரித்துக் காட்டினான்.
பிறகு ஒரே விரலால்
தன் காதைத் தொட்டான்.

டார்ச்சைத் திருப்பி
என் வாய்மேல் அடித்துக்கொண்டேன்.
"மெதுவாக."

மறைப்பில் செருகியிருந்த அட்டை:
ஓரின் ஹாகென். காது கேளாதவன்.
பெட்டியில் ரைஃபிள். தோட்டா தனியே.
ஓரம் நைந்த அட்டை.
எத்தனை பேரிடம் நீட்டினானோ.
கைதான் அவனுக்குப் பேச்சு;
அதைத்தான் அசைக்காதே என்றிருக்கிறேன்.

பல்பை மாற்று என்று எழுதிக் கொடுத்தேன்.
அபராதம் போடவில்லை.
மோவாயில் விரல் வைத்து
என் பக்கம் நீட்டி இறக்கினான்.
நாய் கொட்டாவி விட்டது.

வண்டிக்குத் திரும்பி
நானும் அதைச் செய்து பார்த்தேன்,
காலியான சாலையைப் பார்த்து.
பொத்தானைத் திரும்பப் போட
மூன்று தடவை ஆனது.