மூன்றில் இரண்டு

தம்பெரேயில் பாலத்துக்கு அடியில்
ஆறு சத்தம் போட்டபடி இறங்குகிறது.
வங்கியின் நிலவறைக்கு அந்தச் சத்தம் வராது.
அங்கே இரவுப் பணி,
எனக்கும் ஒரு மெயின்ஃப்ரேமுக்கும்.

கறுத்த அலமாரி, பூட்டிய கதவு.
ஒன்றே ஒன்று என்பார்கள்.
திறந்து பார்த்தவளுக்குத் தெரியும்,
உள்ளே எல்லாம் இரட்டைப் பிள்ளைகள்.
ஒரே கூட்டலை இரண்டு முறை கூட்டும்,
விடைகள் ஒத்துப்போனால்தான் வாய் திறக்கும்.
யானை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும்;
இது வீட்டு வகை.
உரிமக் கட்டணச் சீட்டு வருகிற மாதம்
மேலாளர் லெஹ்தோவாரா லிஃப்டில் ஏறுவதில்லை,
படிக்கட்டில் தனியாக இறங்கிப் போவார்.

என் கணவன் தூமோவுக்கு
வல்கேயாகோஸ்கியில் மூடிப்போன காகித ஆலை.
உருளைகள் ஓடிய கூடத்தில் நாலாயிரம் சர்வர்கள்,
மூடிகூட இல்லாத மலிவுப் பலகைகள்,
ஒட்டுப்பட்டையில் தொங்கும் வட்டுகள்.
ராத்திரிக்கு ஏழெட்டு சாகும்.
மணி அடிக்காது, யாரும் ஓட மாட்டார்கள்.
விடியும்போது பட்டியல் வரும்.
தள்ளுவண்டியோடு போவான்,
பிடுங்குவான், செருகுவான்,
காபி ஆறுவதற்குள் திரும்பிவிடுவான்.

"உன்னுடையது விழுந்தால்?" என்பான்
கம்பு ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே.
"விழாது."
"எல்லாம் விழும், ரையா.
நாங்கள் விழுவதையும் சேர்த்துக் கட்டியிருக்கிறோம்."
"உங்களுக்கு யாரோ ஒருவரின் பூனைப் படம் தாமதமாகும்.
எனக்கு ஸெல்மா ரௌத்தியோவின் ஓய்வூதியம்,
எண்ணூற்றுப் பன்னிரண்டு யூரோ நாற்பது சென்ட்.
கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று
அந்த அம்மாவிடம் நீ போய்ச் சொல்."

ஜனவரியில் என் இயந்திரத்தில் ஒரு செயலி செத்தது.
எனக்குத் தெரியாது.
பாதிக் கணக்கில் இன்னொன்று கை மாற்றிக்கொண்டது.
அதுவே தயாரித்தவர்களுக்கு ஃபோனும் போட்டிருக்கிறது.
காலையில் தொப்பியெல்லாம் பனியாக ஒருவர்,
கையில் பெட்டி:
"உங்கள் இயந்திரம் கூப்பிட்டது."
பத்தடி தூரத்தில் இரவெல்லாம் உட்கார்ந்திருந்தவள் நான்.
என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

தூமோ சிரித்தான்.
"ஆக, உன்னுடையதும் சாகிறது.
வெளியே தெரியாமல்."

அந்த வாரமே வியாழக்கிழமை,
மைனஸ் பதினேழு.
பனிச்சறுக்குத் திடலின் வாசலில்
ஹெல்கா, ஒன்பது வயது, தோளில் சறுக்குக் காலணி.
அவன் கூட்டி வருவான் என்று நான்.
அவள் கூட்டி வருவாள் என்று அவன்.
இருவரும் ஒரே செய்தியைப் படித்திருந்தோம்,
இருவரும் "ம்" போட்டிருந்தோம்.
பழுது எங்குமில்லை.
ஐம்பது நிமிடம்.
பனி மட்டமாக்கும் வண்டிக்காரர்
தன் ஃபிளாஸ்கிலிருந்து சூடான பெர்ரிச் சாறு கொடுத்தாராம்.

இரண்டு பிரதிகள் முரண்பட்டால்
எது உண்மை என்று இரண்டாலும் சொல்ல முடியாது,
மூன்றாவது ஒன்று வேண்டும்:
எத்தனை முறை எனக்கு விளக்கியிருக்கிறான்.
மூன்றாவது வந்தது,
மூக்கு சிவந்து,
காலணியைச் சாப்பாட்டு மேசை மேலேயே வைத்தது.
எங்கள் சண்டை முடியக் காத்திராமல்
குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள் ஒட்டியது.
ஒரு நாளைக்கு ஒரே பெயர்.
வியாழன்: அப்பா.
அடியில், கோணல் எழுத்தில்:
வரவில்லையென்றால் நானே கூப்பிடுவேன்.
அதனால் எனக்கு ஒரு ஃபோன்.

தூமோ கை தூக்கினான்.
ஹெல்கா இரண்டு கையும் தூக்கினாள்; ஒன்றுதான் செல்லும் என்றோம்.
நான் எதிர்த்தேன்.
மூன்றில் இரண்டு.

இப்போது இரவு ஒன்பதுக்கு
நிலவறை மேசையில் மணி அடிக்கிறது.
பாதி எழுந்துவிடுகிறேன்,
எது செத்தது என்று.
"ஒண்ணும் உடையலம்மா," என்கிறாள்,
"சும்மாதான்."