மூன்றாம் எண் கூண்டு

மதுரையிலிருந்து வந்த பேருந்து
என் ஐந்து வருடங்களை
தங்கச்சிமடம் நிறுத்தத்தில்
இரண்டு கட்டுகளாக இறக்கிப் போட்டது.
பார்சல் கூலி நூற்று இருபது.
சில்லறை தேடியபோது கண்டக்டர் சொன்னார்,
"நூறே போதுங்க்கா, புக்குதானே."

நண்டுக் கம்பெனியில் எடை போடுவது என் வேலை.
ஒரு பிரதியைத் தராசில் வைத்தேன்:
முந்நூற்று நாற்பது கிராம்.
சதை பிரிக்கும் மேசையிலிருந்து ஒருத்தி
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்,
"மெட்டில்டாக்கா, ஓட்டக் கழிச்சா எவ்வளவு தேறும்?"
எல்லோரும் சிரித்தோம்.
வீடு வரும் வழியெல்லாம்
நான் கழித்துக்கொண்டே வந்தேன்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
'அவன் கடலுக்குள் இறங்கினான்' என்று எழுதியிருந்தேன்.
'அவன் கடனுக்குள் இறங்கினான்' என்று அச்சாகியிருக்கிறது.
பதிப்பாளர் போனில் மன்னிப்புக் கேட்டார்,
அடுத்த பதிப்பில் திருத்திவிடலாமாம்.
படகின் டீசல் பாக்கிச் சீட்டை
அலமாரியில் செருகிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர்
வாசித்துவிட்டுச் சொன்னார்,
"இருக்கட்டும். சரியாத்தான் இருக்கு."

விடிகாலை நான்கு மணிக்கு
இன்னமும் விழிப்பு வருகிறது.
நோட்டைத் திறந்தால் யாரும் இல்லை.
இத்தனை நாள் அடுப்படி வரை பின்னால் வந்து
"அப்புறம் என்ன செஞ்சேன்?" என்று நச்சரித்தவர்கள்
இரண்டு கட்டுகளுக்குள்
நைலான் கயிறு இறுகப் படுத்திருக்கிறார்கள்.
பால் கணக்கை எழுதி மூடினேன்.

வெளியீடு ஞாயிறு மாலை ஐந்து மணி, பங்கு மன்றம்.
சனிக்கிழமை பாம்பனில்
மூன்றாம் எண் கூண்டு ஏற்றினார்கள்.
டோக்கன் இல்லை, படகு இல்லை.
ஐஸ் கம்பெனி கொடுத்த ஃப்ளெக்ஸில்
என் முகத்தைப் பாதியாகக் கிழித்துக்கொண்டு
காற்று கிழக்கே போனது.
சிறப்பு விருந்தினர் மண்டபத்திலிருந்து அழைத்தார்:
ரயில் பாலத்துக்கு இந்தப் பக்கமே நிற்கிறதாம்,
அப்படியே திரும்புகிறாராம், வாழ்த்துகளாம்.

ஆனால் மன்றம் நிறைந்துவிட்டது.
போக வேறு இடமில்லாத ஆண்கள்
டீசல் வாசனையோடு வந்து உட்கார்ந்தார்கள்.
கரண்ட் போனது.
எமர்ஜென்சி விளக்கின் வெள்ளை வட்டத்துக்குள்
முதல் பிரதியை வாங்கிக்கொண்டவர்
ஐஸ் லாரி ஓட்டும் சீனி இபுராகிம்.
ஐந்நூறு ரூபாய்த் தாள் நீட்டினார்,
கைதட்டல் அடங்கும்வரை புன்னகைத்தார்,
பிறகு மீதி இருநூற்று இருபதுக்காக
மேடையிலேயே நின்றார்.

ஏற்புரை முடிவதற்குள்
செல்போன் வெளிச்சத்தில் புரட்டிக்கொண்டிருந்த
பின்வரிசைக் குரல் ஒன்று எழுந்தது:
"மார்கழி மாசம் கச்சான் எங்கேருந்து வந்துச்சு?
வாடையில்ல அடிக்கணும்?"
நாலைந்து தலைகள் ஆமென்றன.
பிறகு அவர்கள் என் நாவலை விட்டுவிட்டு
காற்றைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள்.
என் வாழ்நாளில் அப்படியொரு விமர்சனக் கூட்டத்தை
நான் பார்த்ததில்லை.
முப்பத்தொரு பிரதிகள் விற்றன.
ஒன்பது கடன்.

செவ்வாய்க்கிழமை மரிய பிரகாசி வந்தாள்.
அரிசிப் பைக்குள் சுற்றிய புத்தகம்.
ஏழு வருடம் அதே மேசையில்
எனக்கு எதிரில் நண்டுக்கால் உடைப்பவள்.
அவள் புருஷனைக் கடல் திருப்பித் தரவில்லை.
என் கதையில் ஒருவனையும் தரவில்லை.

"படிச்சிட்டேன்" என்றாள்.
நான் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.
"நீலச் சட்டை போட்டு அனுப்பியிருக்கீங்க."
"அது அவரில்ல பிரகாசி. கதை."
"தெரியும்க்கா.
ஆனா நீலம் இல்ல."

கையுறையை மாட்டிக்கொண்டு
தன் இடத்தில் போய் உட்கார்ந்தாள்.
என்ன நிறம் என்று
நானும் கேட்கவில்லை.
வெளியே ஒலிபெருக்கி
கூண்டு இறக்கியாச்சு என்றது,
டோக்கன் வாங்க வரச் சொன்னது.
முதல் டப்பா வந்தது.
வெறும் டப்பாவை வைத்து
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தேன்.