பெறுநர்

பிப்ரவரிப் பனியில் சைக்கிளை மிதிக்க முடியாது,
தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும்.
பத்தொன்பது வருடமாகத் தள்ளுகிறேன்.
யாவொரின்காவின் தபால்காரி நான்.
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
கோர்ட் கடிதம் என்றால் எந்தக் கதவு திறக்காது
என்பதெல்லாம் எனக்குத் தெரியும்.

விவசாய மானியம் வாங்கியவர் பட்டியலை
அரசாங்கம் வெளியிட்ட இரவு
ஊரில் ஒரு விளக்கும் அணையவில்லை.
இருநூற்றுப் பதினோரு பேரும்
அவரவர் கைப்பேசியில்
அடுத்தவர் பெயரைத் தேடிக்கொண்டிருந்தோம்.

முதலில் அகப்பட்டவன் வெண்டெலின்.
செங்குத்துச் சரிவில் மேயும் முப்பது ஆடுகளுக்கு
ஆயிரத்து நானூற்று ஆறு யூரோ, முப்பது சென்ட்.
அந்த முப்பது சென்ட்டைக்கூட விடவில்லை.
மறுநாள் கடையில் அவன்
ரொட்டியைக் கடனுக்குக் கேட்கவில்லை.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
சொல்லாததற்கெல்லாம் சேர்த்து
சில்லறை எண்ணி வைத்துவிட்டுப் போனான்.

பட்டியலின் உச்சியில் ஒரு கம்பெனி.
பசுங்கதிர் மூன்று.
ஒன்றும் இரண்டும் எங்கே, யாருக்கும் தெரியாது.
ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரம்.
விலாசம்: பக்கத்து டவுன், ஆலைத் தெரு, ஏழு.

புதன்கிழமைகளில் அந்தத் தெருவும் என் பொறுப்பு.
ஏழாம் எண், மூடிப்போன பேக்கரி.
ஜன்னலில் இன்னும் நிற்கிறது
அட்டையில் செய்த கல்யாணக் கேக்.
கதவிடுக்கில் எதைப் போட்டாலும்
காகிதத்தின் மேல் காகிதம் விழும் சத்தம்.
குனிந்து எடுக்க உள்ளே ஒரு முதுகு இல்லை.

உழுதவன் கணக்குப் பார்த்தால்
உழக்கும் மிஞ்சாது, சரி.
உழாதவன் கணக்கில்
குதிரே அல்லவா நிரம்பி வழிகிறது!

எல்லாம் கண்ணாடிபோல் ஆகட்டும் என்றார்கள்.
ஆகிவிட்டது.
வெண்டெலினுக்கு ஜன்னல் கண்ணாடி,
அவர்களுக்கு ரசம் பூசியது.

பட்டியலோடு வரைபடமும் உண்டு.
பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன்.
ஓடைக்கு மேற்கே வளையும் எல்லை,
நடுவில் ஒற்றைப் பேரிமரம்,
அப்பா விட்டுப்போன ஒன்றரை ஹெக்டேர்
கம்பெனியின் பச்சைக்குள்.

திருட்டு என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன்.
அப்புறம் ஞாபகம் வந்தது.
ஒன்பது வருடம் முன்பு நல்ல கோட்டில் ஓர் ஆள்,
ராடோவன் என்று பெயர்கூடச் சொன்னான்.
வாசலிலேயே கையெழுத்து வாங்கினான்.
குத்தகைத் தொகை எழுதும் இடம் காலியாக இருந்தது.
எனக்குக் குளிர், அடுப்பில் பால்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும்
எங்கோ ஒரு கிடங்கிலிருந்து
மூன்று லிட்டர் சூரியகாந்தி எண்ணெய் வரும்.
கொண்டுவருவதும் நான்தான்.
என் வீட்டுக்கு நானே சுமந்து,
பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டு,
அதில் கெண்டை மீன் பொரித்துத் தின்றேன்.
ருசியாகத்தான் இருந்தது.

இன்று புதன்.
பையில் ஒரு பதிவுத் தபால், ஐந்தே வரி.
குத்தகைப் பத்திரத்தின் நகல் வேண்டும்,
ஒன்பது வருட வாடகை வேண்டும்,
ராடோவனின் முழுப்பெயர் வேண்டும்.
அனுப்புநர் நான்.
தபால்தலையும் என் காசில்தான்.

பதிவுத் தபாலை இடுக்கில் தள்ள முடியாது.
வாங்குபவர் கையெழுத்துப் போட வேண்டும்.
மணி அடித்தேன். மணி வேலை செய்யவில்லை.
கதவைத் தட்டினேன்.
ஐந்து நிமிடம் நிற்கச் சொல்கிறது விதி,
நாற்பது நிமிடம் நின்றேன்.
எதிர்வீட்டுக்காரி திரையை விலக்கி
என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.
பார்க்கட்டும்.

பையில் ஒரு ரப்பர் முத்திரை இருக்கிறது:
‘பெறுநர் இல்லை.’

ஆறு லட்சத்துப் பதினெட்டாயிரம் பெற்றவர்
இல்லையாம்.

முத்திரையை வெளியே எடுக்கவில்லை.
சைக்கிளைத் திருப்பினேன்.
நாளை வியாழன், இந்தத் தெரு என் பொறுப்பில்லை.
நாளையும் வருவேன்.